மூக்குக்கு ஏற்ற லென்ஸ்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் இடது முழங்காலும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அத்தானுக்குப் பழைய வழித்தடத்திலேயே பஸ் ஓட்டக் கொடுத்துவிட்டார்களா?

போன வாரம் போனில் நான் "மி… மி…" என்று திக்கியதும், நீ பொறுக்கமாட்டாமல் "மிக்ஸி கெட்டுப்போச்சா?" என்று கேட்டு, அதற்கு மருந்தும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மிக்ஸி நன்றாக ஓடுகிறது. நான் சொல்ல வந்தது மிரர்லெஸ் கேமரா. கூட வேலை செய்பவர் ஒருவர் புதிது வாங்கியதால் பழையதை எனக்குக் கொடுத்தார். இதையெல்லாம் போனில் சொல்லி முடிப்பதற்குள் நீ மிக்ஸியையே மாற்றிவிடுவாய். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

கேமரா வாடகைக்குத் தரும் கடையில் இத்தனை வருஷம் கவுன்டரில் நிற்பவள் நீ. முகம் எடுக்கிற லென்ஸ் என்கிறார்களே, பின்னால் இருப்பதெல்லாம் மங்கிப்போய் முன்னால் இருப்பது மட்டும் துலங்குமே, அதில் என் கைக்கு எட்டுகிற மாதிரி எது இருக்கிறது? லிஃப்ட் மோட்டார்களைப் படம் எடுத்து வைக்கலாம் என்று நினைக்கிறேன். வேலைக்கு உதவும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புத் திருகாணிக்கு,

வீட்டிலிருந்த கடிகாரம் முதல் தையல் மிஷின் வரை திருகு கழற்றிப் போட்டவனை வேறு பெயரில் கூப்பிட எனக்கு வராது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். கடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள், உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன். முதலாளிக்கு எங்கிருந்தோ நல்ல புத்தி வந்திருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மோட்டாருக்குப் பின்னணி எதற்கடா மங்க வேண்டும்? கிரீஸ் டப்பா தெரிந்தால் அதற்குக் கூச்சமாக இருக்குமா?

சரி, நீ சொல்லும்போது சொல். இப்போது எதுவும் வாங்காதே. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் பதினாறு மில்லிமீட்டரிலிருந்து ஐம்பது வரை போகும். அதை ஐம்பதிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் படம் எடு. பின்னால் போகப் போக முதுகு சுவரில் முட்டுகிறதா, இல்லை இன்னும் கிட்டே போக வேண்டும் போல இருக்கிறதா என்று பார். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் அறையின் அளவு தெரியாமல்தான் லென்ஸ் கேட்கிறார்கள். லென்ஸ் துடைக்கும் திரவத்தின் நெடி இப்போதெல்லாம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இந்தக் கடிதத்தை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முழங்காலுக்குத் தைலம் தேய்.

அக்கா


பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தைலம் தேய்க்கிறேன். உனக்குத் திரவத்தின் நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்.

ஜூமை ஐம்பதில் நிறுத்தி, நகராமல் இருக்க டேப்பும் ஒட்டிவிட்டேன். மோட்டாருக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, மங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். லென்ஸ் ஒரு மனிதருக்காக.

நான் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தின் ஆறாம் மாடியில் பல் செட் செய்து தரும் பட்டறை இருக்கிறது. அதை நடத்துபவர் போன மாதம் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். வெளிக்கதவைத் திறந்து, இடுக்கு வழியாக "ப… ப…" என்று ஆரம்பித்தேன். பயப்படாதீங்க என்பது முழுதாக வெளியே வருவதற்குள், மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாக என்னைத் திட்டித் தீர்த்துவிடுவார்கள். அவர் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "பயமெல்லாம் இல்ல. நீங்க நிதானமா சொல்லுங்க, நான் எங்கயும் போகப்போறதில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து கையிலிருந்த ஸ்பேனர் நழுவிவிட்டது.

அவர்களுடைய தொழில் சங்கத்தின் மலரில் போட எல்லோரிடமும் போட்டோ கேட்டிருக்கிறார்கள். இவர் தான் செய்த ஒரு பல் செட்டின் போட்டோவை அனுப்பியிருக்கிறார். "எந்தப் போட்டோவ பாத்தாலும் மூக்குதான் முதல்ல வந்து நிக்குது, நான் அதுக்குப் பின்னாடி எங்கயோ இருக்கேன்" என்கிறார். நான் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன். ஒரு பக்கம் வேலை மேசை, ஒரு பக்கம் சூளை, நடுவில் சுழல் நாற்காலி, அவ்வளவுதான் அறை. ஐம்பதில் வைத்தால் என் முதுகு கதவில் முட்டுகிறது. ஆனால் முகம் அடங்குகிறது. வெளிச்சம்தான் போதவில்லை, படம் மணல் தூவினது போல் வருகிறது.

போனில் எடுக்கும்போது மூக்கு ஏன் பெரிதாகிறது?

உன் தம்பி


மார்ச் 11

அன்புத் திருகாணிக்கு,

சுகமாக இருக்கிறோம். நன்றாகத் தூங்குகிறேன், கவுன்டரிலும் தூங்குகிறேன்.

மூக்கு விஷயத்தில் லென்ஸ் மேல் பழி போடாதே. மூக்கு காதைவிட முன்னால் இருக்கிறது. நீ மிகக் கிட்டே போனால் அந்தக் கொஞ்சத் தூரமே பெரிய வித்தியாசமாகிவிடும். எட்டி நின்றால் மூக்கும் காதும் சமாதானமாகிவிடும். முகம் எடுக்கிற லென்ஸ் என்பது எட்டி நின்றுகொண்டே முகத்தைப் பெரிதாகப் பிடிப்பது, அவ்வளவுதான். எட்டி நின்றே பார்த்துக்கொண்டிருக்கிற உனக்காகவே செய்தது.

எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டாம். உன் கேமராவில் படம் பதியும் சென்சார் சிறியது, அதில் எண்பத்தைந்தை மாட்டினால் நீ கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்குப் போய், அங்கிருந்து லிஃப்டுக்குள் ஏறி நின்றுதான் எடுக்க வேண்டும். வேறு கம்பெனிக்காரர்களின் ஐம்பத்தாறு ஒன்று இருக்கிறது. அருமையானது, ஆனால் விலையைக் கேட்டால் எனக்கே வாய் திக்குகிறது. உனக்கு ஐம்பதுதான். வெளிச்சம் நுழையும் துளை, அதுதான் அப்பர்ச்சர், ஒன்று புள்ளி எட்டு வரை அகலமாகத் திறக்கும், மணல் தூவாது. உடம்பு பிளாஸ்டிக், ஃபோகஸ் செய்யும்போது கொஞ்சம் முனகும். முனகட்டும். எங்கள் கடையில் வாடகைக்குப் போய்வந்த பழைய ஐம்பதுகளை விற்கப்போகிறார்கள். நல்லதாக ஒன்றைப் பார்த்து வைக்கிறேன். அதுவரை பொறு.

கடிதம் முழுக்க 'அவர்', 'அவர்' என்று எழுதியிருக்கிறாய். அந்த அவர் மீசை வைத்தவரா, பின்னல் போட்டவரா?

அக்கா

ஓரத்தில்: மச்சானுக்கு, அத்தான் எழுதுவது. இப்போது மூன்று வேளையும் நான்தான் சமைக்கிறேன். ஏன் என்று சொல்லலாமென்று பார்த்தேன், உன் அக்கா முறைக்கிறாள். ஆகவே சுகம்.


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அத்தானின் சமையலைச் சாப்பிட்டுவிட்டு நீ எப்படி இருக்கிறாய்?

நீ பொறு என்றாய். நான் பொறுக்கவில்லை. சந்தையில் ஒரு கிழட்டு லென்ஸ் கிடைத்தது, நம் அப்பா காலத்து ஃபிலிம் கேமராவுக்கு உள்ளது. ஓர் அடாப்டர் போட்டால் மாட்டிக்கொள்கிறது. முழுக்க உலோகம், வளையத்தைத் திருகினால் வெண்ணெய் போல் சுழல்கிறது. திருகுகிற பொருளைக் கண்டால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

ஆறாம் மாடிக்குப் போனேன். கையால் ஃபோகஸ் செய்ய வேண்டியிருந்தது. நான் திருகி முடிப்பதற்குள் அவர் இருமுவார், நாற்காலி சுழலும், யாராவது பல் வாங்க வருவார்கள். எடுத்ததையெல்லாம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "காது ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார். பார்த்தால் எல்லாப் படத்திலும் காது மட்டும்தான் துல்லியம். கண் இருக்க வேண்டிய இடத்தில் புகை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அதில் ஒரு காதைச் சங்கத்துக்கு அனுப்பட்டுமா என்று கேட்டார்.

மீசை கிடையாது.

உன் தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? உன் பதிலைக் காணோம். தபால்காரரை மாடிப்படியிலேயே வழிமறித்துக் கேட்டுவிட்டேன், அவர் இப்போது என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கமாக நடக்கிறார். போன் செய்தேன், அத்தான்தான் எடுத்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, அவ தூங்குறா" என்றார். நான் அடுத்ததைக் கேட்க வாய் திறந்து, அது வெளியே வருவதற்குள் வைத்துவிட்டார். அத்தான் அப்படி வைப்பவர் இல்லை.

மீசை கிடையாது என்று எழுதியதில் உனக்குக் கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது. லென்ஸ் வேண்டாம், எதுவும் வேண்டாம்.

உன் தம்பி


மே 10

அன்புத் திருகாணிக்கு,

கோபமா? உன் மேல் கோபப்பட எனக்கு ஏதடா நேரம். சும்மா கொஞ்ச நாள் படுத்திருந்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன். கடைக்குப் போவதில்லை. இடது பக்கமாகச் சாய்ந்துகொண்டே எழுதுகிறேன், எழுத்து மலையேறினால் பொறுத்துக்கொள்.

பார்சலில் இருப்பது உன் ஐம்பது. நான் சொல்லி வைத்திருந்ததை அத்தான் போய் வாங்கி வந்தார். கட்டுவதும் அவர்தான், என்னை ஒன்றையும் தூக்க விடுவதில்லை. காபி வாசனை எனக்கு ஆகவில்லை என்பதால் பாவம், தெருவில் நின்று குடித்துவிட்டு வருகிறார். லென்ஸின் வெளி வளையத்தில் ஒரு கீறல் உண்டு. கண்ணாடி சுத்தம்.

நான் சொல்வதை அப்படியே செய். ஆளை ஜன்னலுக்கு நேராக உட்கார வைக்காதே, பக்கவாட்டில் உட்கார வை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸை மெனுவில் போட்டுவிடு, கேமராவே கண்ணைப் பிடித்துக்கொள்ளும். அப்பர்ச்சரை முழுக்கத் திறக்காதே, இரண்டு புள்ளி எட்டில் வை. இல்லாவிட்டால் ஒரு கண் பளிச்சென்றும் மறு கண் தூக்கக் கலக்கத்திலும் வரும். முக்கியமாக, சிரிக்கச் சொல்லாதே. ஏதாவது வேலை கொடு. கையும் வாயும் வேலையாக இருந்தால்தான் முகம் தன் பாட்டுக்கு இருக்கும்.

இப்போதாவது சொல், அந்த மூக்குக்கு நீ இவ்வளவு பாடுபடுவது எதற்கு?

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று ஐம்பதை மாட்டிக்கொண்டு ஆறாம் மாடிக்குப் போனேன். பக்கவாட்டில் உட்கார வைத்தேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கையிலும் கேமரா, எந்த எண்ணில் வைக்கச் சொன்னாய் என்பது மறந்துவிட்டது. ஏதாவது வேலை கொடு என்றும் நீ எழுதியிருந்தாய். எனவே, "இதைக் கொஞ்சம் ப… படிச்சு சொல்றீங்களா" என்று கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். அதன் கடைசி வரி என்ன என்பது எனக்கு அப்போது ஞாபகத்தில் இல்லை.

அவர் முதலிலிருந்து சத்தமாகப் படித்தார். இடது பக்கம், கடைக்குப் போகாதது, அத்தான் ஒன்றையும் தூக்க விடாதது, காபி. காபி வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மறுபடி மேலே போய் மனசுக்குள் படித்தார்.

"உங்க அக்காவுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?"

"இ… இல்ல."

"இதுல ஒண்ணு சொல்லாம விட்டிருக்காங்க" என்றவர், என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க அக்கா மாசமா இருக்காங்கன்னு நினைக்கிறேன்" என்றார்.

அந்த நேரம் என் விரல் பொத்தானில் இருந்திருக்கிறது. நான் எடுத்ததாகவே ஞாபகம் இல்லை. படத்தைக் கூடவே வைத்திருக்கிறேன், பார்.

நான் சூளைப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் மீதிக் கடிதத்தையும் படித்துவிட்டு, "இது எந்த மூக்கு?" என்றார். நான் படியிறங்கி ஓடிவந்துவிட்டேன். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னது நிஜமா அக்கா? நிஜமென்றால் ஒரு வரி எழுது, போதும். இல்லையென்றால் ஒன்றும் எழுத வேண்டாம், நான் கேட்கவே இல்லை.

உன் தம்பி


ஜூன் 10

என் தங்கத் திருகாணிக்கு,

நிஜம். ஆறாவது மாதம். உதைக்கிறது.

உன்னிடம் மறைத்தேன். போன தடவை விஷயம் தெரிந்த அன்றே நீ எல்லோரிடமும் சொல்லி இனிப்பு கொடுத்தாய். அப்புறம் அது இல்லையென்று ஆனபோது, நானும் அத்தானும் கதவைச் சாத்திக்கொண்டோம். ஒவ்வொரு வீடாகப் போய் இல்லை என்று சொன்னது நீதான். பேச வராத வாயை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை எத்தனை வாசலில் நின்று சொன்னாயோ. அதை இன்னொரு தடவை உன் தலையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஏப்ரலில் பயமுறுத்திவிட்டது. டாக்டர் படு என்றார், படுத்தேன். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார், உட்காரலாம் நடக்கலாம் என்கிறார். அத்தான் மட்டும் நம்பாமல் பின்னாலேயே வருகிறார்.

படத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் அப்படியே நிற்கின்றன. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் அழகாக இருக்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் பார்த்தது அதையல்ல. என்னை முன்பின் தெரியாத ஒருத்தி, எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று கண்டுபிடித்த அந்த நிமிஷத்தில் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நீ எடுத்து அனுப்பியிருக்கிறாய். இந்தக் குழந்தைக்காக நானும் அத்தானும் இதுவரை பயம்தான் பட்டிருக்கிறோம். முதலில் சந்தோஷப்பட்டது இவள். படத்தைக் கட்டில் பக்கத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

சங்கத்துக்கு இதை அனுப்பாதே, அவர்களுக்கு வேறு எடுத்துக் கொடு. அவளிடம் பேசினாயா?

அக்கா


ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உதைப்பவரும் சுகமா? அத்தானை நடக்கும்போது கொஞ்சம் தள்ளி வரச் சொல்.

சங்க மலரில் படம் வந்துவிட்டது. ஆறாம் மாடிக்காரர் அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாகப் போய்க் காட்டினார். இப்போது மூன்றாம் மாடி வக்கீலும், தரைத்தளத்தில் சாவி வெட்டுபவரும் தங்களையும் எடுக்கச் சொல்கிறார்கள். வக்கீலுக்கு இரண்டு புள்ளி எட்டு போதவில்லை, அவருக்கு முகம் ஆழம் அதிகம்.

நீ கேட்டதற்கு: இன்னும் பேசவில்லை. தினமும் சாயங்காலம் மேலே போகிறேன். மெழுகில் அவர் பல் அடுக்குவதைப் பார்க்கிறேன். அவர் உன்னைப் பற்றிக் கேட்கிறார், நான் பதில் சொல்கிறேன். மற்றது தொண்டை வரைக்கும் வருகிறது. எழுதிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். அது சரியில்லை என்று தோன்றுகிறது, வாயால்தான் சொல்ல வேண்டும்.

உன் தம்பி


செப்டம்பர் 24

அன்பு மாமனுக்கு,

இன்று முதல் உனக்கு இதுதான் பெயர். பெண். நேற்று முன்தினம் காலையில் பிறந்தாள். நான் நன்றாக இருக்கிறேன், அவளும் நன்றாக இருக்கிறாள். மூவரில் அத்தானுக்குத்தான் மயக்கம் வந்தது, நர்ஸ் அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். தலை நிறைய முடி. அழுதால் பக்கத்து வார்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்க்கிறார்கள், அப்படி ஒரு தொண்டை.

இந்தத் தடவையும் நீயே எல்லோரிடமும் போய்ச் சொல். வாசல் வாசலாகப் போ. அவசரமில்லை, நிதானமாகச் சொல்லிவிட்டு வா.

படம் எடுக்க நீ வர வேண்டும். அத்தான் போனில் எடுக்கிறார், எல்லாவற்றிலும் அவருடைய கட்டைவிரல்தான் முதல் குழந்தை மாதிரி முன்னால் நிற்கிறது.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கும், அத்தானுக்கும், என் மருமகளுக்கும்,

மூவரும் சுகமாக இருங்கள். நான் இருக்கும் நிலையைச் சொல்ல ஒரு சொல் போதாது.

உன் கடிதம் வந்த அன்று லிஃப்டில் கேபிள் மாற்றும் வேலை. ஐந்தாம் மாடிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தியிருந்த பெட்டியின் கூரைமேல் நின்றிருந்தேன். சாவி வெட்டுபவர் கடிதத்தை வாங்கி ஆறாம் மாடியில் கொடுத்துவிட்டாராம். அவர் கவரைப் பிரிக்காமலே படியிறங்கி வந்து, திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று என்னிடம் நீட்டினார். கையில் கிரீஸ். "நீ… நீங்களே படிங்க" என்றேன்.

படித்தார். பெண் என்ற இடத்தில் குரல் மாறிவிட்டது. நான் பெட்டியின் கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவர் கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நானும் வந்து பாக்கலாமா?"

தலையை ஆட்டினேன்.

"நீங்க மாமா. நான் வந்து நின்னா, பாப்பாவுக்கு என்னை யாருன்னு சொல்லுவாங்க? என்னன்னு கூப்பிடச் சொல்லுவீங்க?"

அக்கா, அந்தச் சொல் 'அ'வில் ஆரம்பிக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான எழுத்து அதுதான். வாயைத் திறந்தேன். வரவில்லை. மறுபடி திறந்தேன். மேலே படியில் யாரோ இறங்கி வந்தார்கள், எங்களைத் தாண்டிப் போனார்கள். என்ன சொல்ல வருகிறேன் என்று அவருக்குத் தெரியும், அவர் முகத்திலேயே அது இருந்தது. அவரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"அ… அ… அத்தை" என்றேன்.

"சரி" என்றார்.

வரும் சனிக்கிழமை ரயிலில் வருகிறோம். இரண்டு டிக்கெட்டும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஜன்னல் ஓரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி